ஓடுவதை ஓடி என்றால் நகைப்பதேன்?

கிணற்று மேட்டில் நிற்கும் உழவன், "மோட்டார் ஓடவில்லை" என்கிறான். பழுது பார்க்க வந்தவன், "காயில் எரிந்துவிட்டது; கழற்றிக் கட்ட வேண்டும்" என்கிறான். ஓடுதல், எரிதல், கழற்றுதல், கட்டுதல் என வினைகள் அத்தனையும் தமிழ். பெயர்கள் இரண்டே அயல். அவ்விரண்டையும் மின்னோடி, சுருணை என மாற்றிச் சொன்னால் மட்டும், கற்றவர் எனப்படுவோர்க்கு நகைப்பு வந்துவிடுகின்றது. ஆங்கிலர் இலத்தீனத்திலிருந்து எடுத்தாளும் அச்சொல்லுக்கும் 'இயக்குவது' என்பதன்றி வேறு பொருளில்லை. ஓடுவது ஓடி ஆகாதா?

மின்னோடியின் கட்டமைப்பைத் தமிழில் விளக்க இயலாதென்பார் இதனைப் படித்துப் பார்க்கட்டும். மும்முனை மின்னோடியில் அசையாது நிற்பது நிலையகம். அதனுள்ளே சுழல்வது சுழலகம். நிலையகம் ஒரே இரும்புக் கட்டியன்று. ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகடுகளுக்குக் காப்புப் பூச்சிட்டு அடுக்கி இறுக்கியது. கட்டியாகவே வார்த்தால் என்ன கேடு? மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப் புலம், செம்புக் கம்பியில் மட்டுமன்றி இரும்பின் உடலிலும் மின்னோட்டத்தைத் தூண்டும். அவ்வோட்டம் உள்ளேயே சுழன்று வெப்பமாக வீணாகும். தகடு தகடாகப் பிரித்துவிட்டால் அதன் வழி குறுகிப்போகின்றது. தகடுகளின் உள்விளிம்பில் வெட்டிய காடிகளில் காப்புத்தாள் வைத்துச் சுருணைகளை இறக்கி, மெருகெண்ணெயில் தோய்த்துச் சூட்டில் உலர்த்துவர்.

சுழலகத்தின் காடிகளிலோ பெரும்பாலும் கம்பிச் சுற்றே இல்லை. உருக்கிய அலுமினியத்தை வார்த்து, இருபுறமும் வளையங்களால் இணைத்துவிடுவர். வெளியிலிருந்து ஒரு கம்பியும் அதற்குச் செல்வதில்லை. நிலையகத்தின் புலம் தூண்டிவிடும் ஓட்டமே அதனை உந்துகின்றது. நொடிக்கு 50 அலைவுள்ள மின்னோட்டத்தில், நான்கு காந்தமுனைகள் கொண்ட மின்னோடியின் புலம் மணித்துளிக்கு 1500 முறை சுழலும். சுழலகம் 1440 அளவில் சற்றே பின்தங்கி ஓடும். முற்றும் ஒத்தோடினால் தூண்டல் இராது. தூண்டல் இன்றேல் உந்துதலும் இல்லை.

மின்னாக்கி இதன் மறுதலை. காந்தமும் சுருணையும் ஒன்றையொன்று கடந்தியங்கினால் மின்னோட்டம் பிறக்குமென 1831-இல் பாரடே கண்டார். பெரிய மின்னாக்கிகளில் சுழல்வது காந்தம். மின்னைத் தரும் சுருணைகள் நிலையகத்தில் நிற்கும். உயரழுத்த மின்னைச் சுழலும் உறுப்பிலிருந்து எடுப்பதினும், நிற்கும் உறுப்பிலிருந்து எடுப்பது எளிதன்றோ?

இதில் எவ்விடத்தில் தமிழ் தடுமாறிற்று?

கைத்திறனுக்கும் தமிழர்க்குக் குறைவில்லை. பைக்காரா அருவியின் மின்னாற்றல் 1930-களில் கோவைப் பக்கம் வந்தது. கவலை பூட்டி இறைத்த கிணறுகள் ஒவ்வொன்றாய் மின்னோடிக்கு மாறின. கோ.து. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937-இலேயே கோவைப் பீளமேட்டில் மின்னோடி செய்து காட்டினர். அந்நகரின் பட்டறைகளில் கடைசல், வார்ப்படம் என்னும் சொற்கள் இன்றும் உயிரோடிருக்கின்றன. அவற்றை எந்தப் புலவர் குழுவும் ஆக்கித் தரவில்லை.

குறை வேறோரிடத்தில் உள்ளது. எரிந்த சுருணையைப் பிரிக்கும் தொழிலாளி சுற்றுகளை எண்ணுகிறான். கம்பியின் தடிப்பை அளக்கிறான். அதே எண்ணிக்கையில், அதே தடிப்பில் மீண்டும் சுற்றுகிறான். ஏன் அத்தனை சுற்று? மின்னழுத்தம் குறைந்த சிற்றூரில் அதனை எப்படி மாற்றலாம்? இவற்றுக்குரிய கணக்கு அயன்மொழி நூலுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. முப்பதாண்டு பழகிய கையும், பிறர் வகுத்ததைப் படியெடுக்கும் கையாகவே நின்றுவிடுகின்றது. நகைப்போர் எண்ணிப் பாராத இழப்பு இது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியல், எந்திரவியல் இரண்டையே எடுத்துக்கொண்டது. மின்னியல் அதில் இல்லை. மின்னியலுக்குத் தமிழ்வழி வேண்டும். அதற்கு முன், சுருணை கட்டுவோன் மடியில் விரித்து வைத்துக் கணக்கிடத்தக்க கைந்நூல் ஒன்று வேண்டும். அதனை எழுதும் குழுவில் பேராசிரியர் இருவர் இருந்தால், பட்டறைக்காரர் நால்வர் இருக்கட்டும்.