விடை வரும்வரை பேசுக

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பெற்றோர் பட்டாசு ஆலைக்குச் சென்றபின், பகல் முழுதும் குழந்தையோடு இருப்போர் பெரும்பாலும் தாத்தா, பாட்டியரே. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பின், அதன் முதல் மொழியாசிரியரும் அவர்களே.

இது எவருடைய பாவத்தின் பலனும் அன்று. 21-ஆம் குரோமோசோம் ஒன்று மிகுதியாக இருப்பதே காரணம் என்று 1959-இல் பிரெஞ்சு மருத்துவர் லெஜூன் குழுவினர் வெளியிட்டனர். இக்குழந்தைகள் பேசுவதினும் மிகுதியாகப் புரிந்துகொள்வர். பலருக்குக் காது மந்தமும் உண்டு. ஆதலின் செவிப் பரிசோதனை முதற்கடமை.

சென்னை மதுரம் நாராயணன் மையம் தன் தொடக்கநிலைப் பயிற்சிக்கு ‘உபநயன்’ எனப் பெயரிட்டுள்ளது. உபநயனம் என்பதற்கு அருகே அழைத்துச் செல்லுதல் என்பது பொருள். அங்கே தாயும் குழந்தையுடன் அமர்ந்து பயில்கிறார்.

இல்லத்தில் பூசையறையே பள்ளியாகலாம். மணியைக் காட்டி ‘மணி’ என்றும், பூவைக் கையில் தந்து ‘பூ’ என்றும் சொல்லிவிட்டு, பத்து எண்ணும் அளவு காத்திருத்தல் வேண்டும். குழந்தை கைகூப்பினால் அதுவும் ஒரு சொல்லே. சைகை பேச்சைத் தடுக்காது, அதற்குப் படியாகும். ‘பதில் வரவில்லையே’ என்று பெரியவர்கள் பேச்சை நிறுத்துவதே தடை.

சந்நிதியில் நின்று, மறுமொழி கேளாமலே நாள்தோறும் பேசுகின்ற அன்பர்களுக்கு இப்பொறுமை புதிதன்று.