நிழலில் அளந்த வெயில்

மாசி முடிவதற்குள் கோடைக்கான முன்னறிவிப்பு வந்துவிடுகிறது. மார்ச் முதல் மே வரை வெப்பம் இயல்பைவிடக் கூடுமா குறையுமா, வெப்ப அலை எத்தனை நாள் இருக்கும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்கிறது. பிறகு சென்னை நுங்கம்பாக்கத்திலிருந்து தினம் ஒரு அறிக்கை. வட கடலோர மாவட்டங்களில் இரண்டு மூன்று டிகிரி ஏறும் என்று அதில் வரும்போது, சாத்தூர் டீக்கடையில் யாராவது ஒருத்தர் சொல்வார்: "அவங்களுக்கென்னப்பா, கடல் இருக்கு. நமக்கு வைப்பாத்து மணல்தான இருக்கு."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வங்கி வேலையில் மாற்றலாகி மரக்காணம் பக்கம் மூன்று வருசம் இருந்த பிறகு அந்த நினைப்புப் போய்விட்டது.

கடலோர வெயில் வேற மாதிரி. நம்ம கரிசல் வெயில் சுடும். ஆனால் வேர்வை உடனே காய்ந்துவிடும். அங்கே காற்றெல்லாம் ஈரம். வேர்வை காயாது, வழியத்தான் செய்யும். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? காயாவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். வானிலைத் துறைக் கணக்கிலும் வெப்ப அலைக்குச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும். கடலோரத்தில் 37 போதும். இரண்டு இடத்திலும் இயல்பைவிட நாலரை டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்தால் தப்பித்தோம். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று பிந்தும். அன்றைக்கு ஊர் வேகும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. ஆக, கடல் இருக்கிறது என்பது ஆறுதல் இல்லை.

ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா வந்தார். பாஸ்புத்தகத்தில் பதிவு போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். போகவில்லை. சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலி இருக்கேம்மா என்றேன். "சீலையெல்லாம் உப்புத் தண்ணி சார். கொஞ்ச நேரம் இப்பிடியே குந்திட்டுப் போறேன்" என்றார். பாதம் வெடித்து வெளுத்திருந்தது. ஏசி காற்றில் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிசத்தில் காவலாளி வந்து, வேலை முடிஞ்சா கிளம்பும்மா என்றார். உள்ளே இருந்த ஒருத்தர் சொல்லித்தான் அவர் வந்தார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெயிலுக்குள் போனார்.

நான் கவுண்டருக்குள் குளிர்ச்சியாக உட்கார்ந்து நோட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். சேரியில் பிறந்து, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய அம்மாவின் கூலியில் பட்டம் வாங்கியவன் நான். வாயைத் திறக்கவில்லை. கவிதையெல்லாம் எழுதுகிறவன்தான்.

அன்றைக்குச் சாயங்காலச் செய்தியில் ஒரு டிகிரி சொன்னார்கள். அது எங்கே அளந்தது? வெள்ளை பூசிய ஒரு மரப்பெட்டிக்குள். நாலு பக்கமும் காற்றுப் போக சாய்வாகச் சட்டம் அடித்திருக்கும். நேர் வெயில் உள்ளே விழாது. தரையிலிருந்து நாலடி உயரத்தில் தெர்மாமீட்டர் இருக்கும். ஸ்டீவன்சன் பெட்டி என்று பேர். ஒரு ஊரை இன்னொரு ஊரோடு ஒப்பிட அதுதான் சரியான முறை. உலகம் முழுக்க அப்படித்தான் அளக்கிறார்கள். அதில் தப்பில்லை. அந்த எண்ணையே பாத்தியில் நிற்கிறவரின் வெயிலாகவும் எடுத்துக்கொள்கிறோமே, அதுதான் தப்பு. தெர்மாமீட்டருக்கு நிழல் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு இல்லை.

உழைக்கிற உடம்புக்கென்று வேறு அளவு இருக்கத்தான் செய்கிறது. நிழலில் ஒரு தெர்மாமீட்டர், ஈரத்துணி சுற்றியது ஒன்று, வெயிலில் வைத்த கறுப்புக் குண்டுக்குள் ஒன்று; மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுவது. பயிற்சியில் சிப்பாய்கள் சுருண்டு விழுந்ததால் 1950களில் அமெரிக்க ராணுவத்துக்காக உண்டாக்கியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பது பேர் தாங்கும் அளவைத் தாண்டிய வெப்பத்தில்தான் வேலை செய்தார்கள். சிலருக்குச் சிறுநீரகமே பழுதுபடத் தொடங்கியிருந்தது. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருப்பது உப்பளத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

கோடை வந்தால் அரசு நமக்கு ஒரு புத்தி சொல்கிறது: மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெளியே வராதீர்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பேஷ்வா காலத்துப் பூனா ஞாபகம் வரும். மகர், மாங் மக்கள் மத்தியானம் மூன்று மணிக்குப் பிறகும் காலை ஒன்பது மணிக்கு முன்பும் அந்த நகருக்குள் இருக்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் நிழல் நீளும், நீண்டு மேல்சாதிக்காரன்மேல் விழும், தீட்டு. சமூகவியலாளர் குர்யே இதை எழுதியிருக்கிறார். அப்படியானால் அவர்களுக்கு விட்ட நேரம் எது? ஒன்பதிலிருந்து மூன்று. வெயில் உச்சியில் நிற்கிற நேரம். நம் நிழல் மற்றவர்மேல் படக் கூடாது; நமக்கென்று ஒரு நிழலும் கிடையாது.

இப்போது அந்தச் சட்டம் இல்லை. ஆனால் உச்சி வெயிலில் தார் ஊற்றுகிறவர், குப்பை அள்ளுகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர், உப்பு வாருகிறவர் யார் என்று பாருங்கள். அன்றைக்கு நேரத்தை ராஜா குறித்தான். இன்றைக்குக் கூலி குறிக்கிறது. செய்த அளவுக்குக் கூலி வாங்குகிறவரிடம் மூன்று மணி நேரம் வீட்டில் இரு என்றால், பாதிக் கூலியை விட்டுவிடு என்றுதான் அர்த்தம். வீட்டில்தான் என்ன இருக்கிறது? தகரமும் சிமெண்டு சீட்டும்.

நம்ம பக்கம் பட்டாசு ஆபீசில் மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பார்கள். சூடு ஏறினால் மருந்து பொறுக்காது. சரியான விதிதான், உயிர் காக்கிற விதி. ஆனால் மருந்துக்கு நேரம் குறிக்கத் தெரிந்த நாம், ஆளுக்கு இன்னும் குறிக்கவில்லை.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். வரவேற்கிறேன். ஆனால் வெயிலில்தான் செத்தார் என்று யார் எழுதிக் கொடுப்பது? மாரடைப்பு என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் குடி என்பார்கள். செத்த பிறகு லட்சம் தருகிறவர்கள், உயிரோடு இருக்கும்போது மூன்று மணி நேரக் கூலி கொடுக்கட்டும். வெப்ப எச்சரிக்கை வந்த நாளில் உச்சி நேர வேலையை நிறுத்து, கூலியைப் பிடிக்காதே. வேலை செய்கிற இடத்தில் நிழல் போடு, தண்ணீர் வை, பெண்களுக்குக் கழிப்பறை கட்டு. அறிக்கையோடு இதுவும் ஆணையாக வர வேண்டும். இல்லாவிட்டால் முன்னறிவிப்பு நிழலில் இருப்பவனுக்கு மட்டும் சொன்ன சேதிதான்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்தக் கோடையில் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். உங்கள் சேரியில் ஒரு சீட்டு வீட்டுக்குள், வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள். பன்னிரண்டு, ஒரு மணி, இரண்டு மணி, ராத்திரி பத்து மணி என்று நோட்டில் குறியுங்கள். பக்கத்திலேயே அன்றைய அறிக்கையின் எண்ணை எழுதுங்கள். வட கடலோரத்தில் இருக்கிற தோழர்கள் காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் குறியுங்கள். மே கடைசியில் அந்த நோட்டுகளோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். இந்தத் தடவை நானும் கூட வருகிறேன்.