பழைய செயின் டிரக்டரும் பாஸின் கூலியும்

நமது கடைகளில் இருக்கும் ஒரு பெயரிங்குக்குக் கொள்விலை இருக்கிறது, விற்பனை விலை இருக்கிறது, கழிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரிங் ஏன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடைகிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறவருக்கு நமது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. ஒரு தேநீரும் "நல்லது காக்கா, வாறன்" என்ற வார்த்தையுமே அவருக்கு நாம் கொடுக்கும் விலை. முப்பது வருடங்களாகச் சம்மாந்துறையில் உதிரிப்பாகக் கடை நடத்தி வரும் நானும் இப்படித்தான் இருந்தேன். இது எவ்வளவு பெரிய பிழை என்பதை மூன்று தொன்னுக்கும் அதிகமான ஒரு பழைய இரும்புதான் எனக்குக் காட்டித் தந்தது.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் அம்பாறைப் பக்கம் வசூலுக்குப் போயிருந்தேன். வழியில் ஒரு பழைய இரும்புக் கடையில், காஸ் கட்டரால் வெட்டுவதற்குத் தயாராக ஒரு செயின் டிரக்டர் கிடந்தது. கட்டப்பிலர் டி2. இலக்கத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 5யு என்று தொடங்கியது. அந்த இலக்க வரிசை 1947 முதல் 1957 வரை வெளிவந்தது. மறுநாள் காலையில் அதை வெட்டப் போவதாகக் கடைக்காரர் சொன்னார்.

என் வாப்பா இளம் வயதில் கல்லோயாத் திட்டத்தில் டிரக்டர் உதவியாளராக வேலை செய்தவர். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, இங்கினியாகலையில் அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கம்பனி அணை கட்டியது. காட்டை வெட்டி வயல் நிலமாக்கும் வேலையில் கனரக இயந்திரங்கள் இறங்கிய காலம் அது. "யானை தள்ளாத மரத்தையும் செயின் மெசின் தள்ளும்" என்று வாப்பா சொல்வதைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்த ஞாபகத்தில், விலைகூடப் பேசாமல், இரும்பு விலைக்கு மூன்று இலட்சம் ரூபாவைக் கொடுத்து வாங்கிவிட்டேன். வியாபாரி ஒருவன் செய்யக் கூடாத காரியம்தான். காக்கா ஒரு கிழமை என்னுடன் பேசவில்லை.

இந்த இயந்திரத்தின் வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் ஸ்டொக்டன் நகருக்கு அருகே, கனமான நீராவி டிரக்டர்கள் சதுப்பு நிலத்தில் புதைந்து போவதற்கு வழி தேடிய பெஞ்சமின் ஹோல்ட், 1904 நவம்பரில் சில்லுகளைக் கழற்றிவிட்டுச் சங்கிலித் தடங்களைப் பூட்டி ஓட்டிப் பார்த்தார். பாரம் விரிந்து பரவியதால் இயந்திரம் புதையவில்லை. பின்னர் 1925 இல் ஹோல்ட் கம்பனியும் அதன் போட்டிக் கம்பனியான பெஸ்ட்டும் இணைந்து கட்டப்பிலர் உருவானது. டி2 என்பது அவர்கள் 1938 முதல் 1957 வரை செய்த சிறிய டீசல் மெசின்.

லொறியில் கொண்டுவந்து, வீட்டின் பின்புறத்தில் நெல் மூடைகள் அடுக்கும் கொட்டிலில் இறக்கினேன். இரண்டு இரும்புக் குறுக்கு வளைகள், ஒரு செயின் புளொக், ஒரு வெல்டிங் பெட்டி. இவ்வளவுதான் என் வேலைத்தலம். பாகங்கள் விற்கத் தெரிந்த எனக்கு அவற்றைக் கழற்றத் தெரியாது. அதனால் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாஸைத் தேடிப் போனேன். என் கடையில் முப்பது வருடமாகச் சாமான் வாங்கியவர் அவர். அதைவிட முக்கியம், முப்பது வருடமாக என் வாடிக்கையாளர்களுக்கு எந்தச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியவர். இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நான் பெரிய கம்பியைப் போட்டு நெம்பப் போனேன். "தம்பி, அவசரப்பட்டா கிரேங்க் போயிரும். அதுக்குப் பசிக்குது, முதல்ல குடிக்கக் குடுங்க" என்றார். நான்கு சிலிண்டர்களுக்குள்ளும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி மூன்று கிழமை விட்டோம். நாளுக்கு ஒருமுறை வந்து சில்லை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பார். இருபத்திரண்டாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது. என் அவசரத்துக்கு விட்டிருந்தால் அன்றே இயந்திரம் மீண்டும் இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அடுத்தது ஸ்டியரிங் கிளச். செயின் டிரக்டரில் ஸ்டியரிங் வளையம் இல்லை. வலப்பக்க லீவரை இழுத்தால் வலப்பக்கச் சங்கிலிக்குப் போகும் சக்தி நிற்கும். இடப்பக்கம் தள்ள, மெசின் வலப்பக்கம் திரும்பும். அதற்குள் தட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். எண்ணெய் படாத உலர்ந்த கிளச் என்பதால், வருடக் கணக்கில் மழையில் கிடந்தால் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கத்தைக் கழுவி, லீவரை வேலை செய்ய வைத்தே விடுவித்துவிட்டார். மற்றப் பக்கத்தை முழுதாகக் கழற்ற வேண்டி வந்தது. கழற்றிய பெயரிங்குகளையும் சீல்களையும் அளந்து பார்த்தபோது ஓர் ஆச்சரியம். பலவற்றுக்குப் பொருத்தமான அளவு என் கடை றாக்கையிலேயே தூசி படிந்து கிடந்தது! மிகுதியில் பெரும்பாலானவற்றைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தேன். எந்த இயந்திரத்துக்குப் போகும் என்று தெரியாமல் பத்து வருடமாக நான் முடக்கி வைத்திருந்த பணத்தை அவருடைய அளவுகோல் வெளியே எடுத்தது.

சங்கிலி வேலையில்தான் நான் வெட்கப்பட வேண்டி வந்தது. சங்கிலியின் பின்களும் புஷ்களும் ஒரு பக்கம் மாத்திரமே தேயும். அவற்றை அழுத்திக் கழற்றி, பாதிச் சுற்றுத் திருப்பி மீண்டும் பூட்டினால், தேயாத பக்கம் வேலைக்கு வரும். புதிய சங்கிலி தேவையில்லை. அதற்கு வலுவான பிரஸ் ஒன்று வேண்டும். "உங்களிட்டயே ஒரு பிரஸ் இருந்ததே பாஸ்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன மாசம் குடுத்திட்டன் தம்பி. வீட்டுல காஸும் இல்ல, மாவும் இல்ல" என்றார்.

அது 2022 ஆம் ஆண்டு ஜூன் மாதம். அவர் அந்தப் பிரஸ்ஸைக் கொடுத்தது பழைய இரும்புக் கடைக்கு, கிலோ கணக்கில். மூன்று மாதமாக என் கொட்டிலுக்கு வந்து போய்க்கொண்டிருந்த மனிதர் அவர். நான் அவருக்குச் சாப்பாடு கொடுத்தேன், பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்தேன், கூலி பற்றிப் பேசவில்லை. "நம்மட ஆள்தானே" என்று நினைத்திருந்தேன். ஒரு துண்டு இரும்பை வெட்டாமல் காப்பாற்றியதாக நான் பெருமை பேசிக்கொண்டிருந்த வேளையில், அதைச் சரிசெய்யும் கருவி என் கண்முன்னே இரும்பு விலைக்குப் போயிருக்கிறது. கடைசியில் அந்தச் சங்கிலியை வேறு ஊருக்கு அனுப்பி, அந்த வேலைக்கு மாத்திரம் 95,000 ரூபா கொடுத்தேன்.

முன்சில்லின் பின்னால் இருக்கும் பெரிய ஸ்ப்ரிங்கை நான் தனியே கழற்றப் போன நாளையும் சொல்லியாக வேண்டும். அது நீண்ட ஒரு போல்ட்டினால் பெரும் அழுத்தத்தில் இறுக்கி வைக்கப்பட்டிருக்கும். முறை தெரியாமல் நட்டைத் தளர்த்தினால் ஆளைக் கொன்றுவிடும். ஸ்பெனரை மாட்டியிருந்த என் கையைத் தட்டிவிட்டார் பாஸ். அந்தத் தட்டுக்கு எந்த விலைப்பட்டியலில் விலை இருக்கிறது?

2023 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் டிரக்டர் ஸ்டார்ட் ஆனது. இதில் டீசல் எஞ்சினைச் சுழற்றுவதற்கென்றே இரண்டு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் ஒன்று பக்கத்தில் இருக்கிறது. முதலில் அது ஓடும். டீசல் எஞ்சினின் அழுத்தத்தை விடுவித்து வைத்து அதைச் சும்மா சுழற்றும். எண்ணெய் எல்லா இடமும் ஏறி, அழுத்தமானி காட்டிய பிறகுதான் அழுத்தத்தைக் கொடுத்து டீசலை விட வேண்டும். வேலை வாங்குவதற்கு முன் எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. மனிதர்களிடம் வேலை வாங்கும்போது நாம் அந்த ஒழுங்கைப் பார்ப்பதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். சில மாதங்களின் பின், சுற்றுலா விடுதி நடத்தும் ஒருவர் வந்து பார்த்து 12 இலட்சம் ரூபாவுக்குக் கேட்டார். கடைக் கணக்குப் பார்க்கும் என் மகளிடம் செலவை எழுதச் சொன்னேன். வாங்கிய விலை 300,000. ஏற்றி இறக்கியது 65,000. பாகங்கள் 285,000. லேத், வெல்டிங், பிரஸ் வேலை 170,000. எண்ணெய், டீசல், பெயின்ற் 90,000. மொத்தம் 910,000. "இலாபம் 290,000" என்றேன் சந்தோஷமாக. மகள் பேனையை வைக்கவில்லை. "பாஸ்ட கூலி எந்த வரியில வாப்பா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. நாட்குறிப்பை எடுத்து எண்ணினோம். அவர் வந்த நாட்கள் 96. அந்த நேரத்து நாட்கூலி 4,000 ரூபா வீதம் 384,000. அதைச் சேர்த்தால் உண்மையான செலவு 1,294,000. ஆக, 12 இலட்சத்துக்கு விற்றால் 94,000 ரூபா நட்டம். நான் இலாபம் என்று சொன்னது முழுவதும் அந்த வயதான மனிதரின் சட்டைப் பையிலிருந்து வந்த பணம். என் சொந்த உழைப்பை இதில் சேர்க்கவே இல்லை, அது என் விருப்பத்துக்குச் செய்தது. ஆனால் அவருடைய உழைப்பு என்னுடைய பொழுதுபோக்கு அல்லவே!

வாசகர்கள் இதை ஒரு டிரக்டரின் கதையாக மாத்திரம் எடுக்கக் கூடாது. உங்கள் கடையையும் ஒருமுறை பாருங்கள். தண்ணீர்ப் பம்பி விற்பவருக்கு அதைப் பூட்டித் தரும் பையன் இருப்பான். தையல் மெசின் விற்பவருக்கு அதைச் செப்பனிடும் ஒருவர் இருப்பார். அரிசி ஆலைக்காரருக்கு இரவில் கூப்பிட்டாலும் வரும் ஒரு பிற்றர் இருப்பார். அவர்களை நம்பித்தான் வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார். ஆனால் அந்த அறிவு நமது விலையில் சேர்வதில்லை. சேராததால் அவர்களுக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாததைப் பார்க்கும் அவர்களின் பிள்ளைகள் அந்தத் தொழிலைப் பழகுவதில்லை, விமானம் ஏறிவிடுகிறார்கள். கடைசியில் பெட்டியை வாங்கிப் பெட்டியை விற்பவர்களாக மாத்திரம் நாம் மிஞ்சுகிறோம். பெட்டி விற்பதில் போட்டி போட யாராலும் முடியும்.

2022 இல் இது எல்லோருக்கும் தெளிவாகவே தெரிந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. இறக்குமதிச் சாமான் வரவில்லை, வந்தாலும் வாங்க முடியவில்லை. அந்த மாதங்களில் என் கடையில் வியாபாரம் நடந்தது பழையதைத் திருத்தத் தேவையான சீல், பெயரிங், புஷ் என்பவற்றில்தான். திருத்தத் தெரிந்த கை இருந்த ஊரில் வயலும் ஆலையும் ஓடின. அந்தக் கை இல்லாத இடத்தில் இயந்திரங்கள் நின்றன. அவற்றோடு கடைக்காரரின் கடனும் நின்றது.

"சாமானுக்குக் காசு தருவார்கள், புத்திக்குக் காசு தர மாட்டார்கள்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் பயந்தேன். இப்போது என் கடையில் பாஸ் கிழமைக்கு மூன்று நாள் காலையில் உட்காருகிறார். பாகத்தைக் கொண்டுவந்து காட்டி ஆலோசனை கேட்பதற்கும், வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கும் தனித்தனிக் கட்டணம் எழுதிப் பலகையில் தொங்கவிட்டிருக்கிறோம். பில்லில் அது தனி வரி. அந்தப் பணம் அப்படியே அவருக்கு. முதல் மாதம் சிலர் முகம் சுளித்தார்கள், இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்கே போனார்கள். ஒருவர் பிழையான சீலை இரண்டு தடவை வாங்கிப் பூட்டிய பின் திரும்பி வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் பிழையான சாமான் என்று திரும்பி வருவது குறைந்திருக்கிறது. முடங்கிய பழைய ஸ்டொக் அசைந்திருக்கிறது. படிப்பை இடையில் விட்ட இரண்டு பையன்கள் கைச்செலவுக்குப் பணம் பெற்றுக்கொண்டு அவரிடம் பழகுகிறார்கள்.

பாஸுக்குரிய 384,000 ரூபாவை எட்டு மாதத் தவணையில் கொடுத்து முடித்தேன். முதல் தவணையைக் கையில் வைத்தபோது வாங்க மறுத்தார். "நாம காசுக்கா செஞ்ச தம்பி?" என்றார். காசுக்குச் செய்யவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை. காசு கொடுக்காமல் இருந்தது என்னுடைய கணக்குப் பிழை. இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லித்தான் வாங்கச் செய்தேன். அந்தப் பணத்தில் அவர் முதலில் வாங்கியது ஒரு பாவித்த பிரஸ்.

டிரக்டரை நான் விற்கவில்லை. மாதம் ஒருமுறை அதை ஸ்டார்ட் செய்கிறோம், இப்போது அந்தப் பையன்களே செய்கிறார்கள். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இந்த மாதக் கணக்கை முடிக்கும்போது, உங்கள் தொழிலைத் தாங்கி நிற்கும் அந்த ஒருவரின் பெயருக்கு எதிரே என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடம் வெறுமையாக இருந்தால், உங்கள் இலாபத்தை இன்னொரு தடவை கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.