பழைய அடுப்பு வாங்கலாமா?

கடந்த ஆண்டு எங்கள் சித்தியின் குடும்பம் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீட்டிற்கு வாடகைக்குக் குடியேறியது. அந்த வீட்டின் சமையலறையில் மின்னடுப்பு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் தட்டு சூடேற நீண்ட நேரம் ஆயிற்று. அணைத்த பிறகும் சூடு உடனே தணியவில்லை. தோசை நடுவில் கருகியது, ஓரத்தில் வேகவில்லை. பாட்டியின் மண்சட்டியும் அடி வளைந்த குவாலியும் பயன்படாமல் அலமாரிக்குள் போயின. எனவே, வீட்டு உரிமையாளரின் ஒப்புதலோடு எரிவாயு அடுப்புக்கு மாற சித்தி முடிவு செய்தார். புதிய அடுப்பின் விலை கட்டுப்படியாகவில்லை. அப்போது, வீடு மாறிச் செல்லும் ஒரு குடும்பம் தன் பழைய அடுப்பை 180 ரிங்கிட்டுக்கு விற்க முன்வந்தது. நான்கு பர்னர்களும் அடியில் கேக் சுடும் அறையும் கொண்ட அந்த அடுப்பு புதியதுபோல் மின்னியது. சித்தி மகிழ்ச்சியோடு வாங்கி வந்தார்.

முதல் நாளே சிக்கல் தோன்றியது. தீச்சுடர் நீல நிறத்தில் எரியாமல் மஞ்சள் நிறத்தில் உயரமாக எழுந்தது. பானைகளின் அடியில் கரி படிந்தது. அஞ்சிப்போன சித்தி, அடுப்பை அணைத்துவிட்டு, எரிவாயுப் பணியாளர் ஒருவரை வரவழைத்தார். அடுப்பைச் சோதித்த அவர், “அக்கா, அடுப்பு நல்ல அடுப்புதான். ஆனால், உங்கள் வீட்டு கேஸுக்குப் பொருந்தாத அடுப்பு” என்றார். பழைய உரிமையாளரின் வீட்டில் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்திருக்கிறது. சித்தியின் வீட்டிலோ கேஸ் தோங். குறை அடுப்பில் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கியதில்தான் இருந்தது.

பழைய பொருள் என்றாலே ஆபத்து என்று சிலர் ஒதுக்குகின்றனர். மலிவாகக் கிடைத்தால் போதும் என்று வேறு சிலர் எதையும் பாராமல் வாங்குகின்றனர். என் கருத்தில் இவ்விரண்டும் தவறு. பழைய எரிவாயு அடுப்பை வாங்கலாம். ஆனால், வீட்டிற்குப் பொருந்துகிறதா என்று அறிந்து, எரியவைத்துப் பார்த்து, இணைப்புக் குழாயைப் புதிதாக வாங்கிப் பொருத்துவோர் மட்டுமே வாங்க வேண்டும்.

பழைய அடுப்பை வாங்கலாம் என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. எரிவாயு அடுப்பு எளிய அமைப்புடைய கருவியாகும். இரும்பு அல்லது துருப்பிடிக்காத எஃகினால் ஆன உடல், பர்னர், திருகு, எரிவாயு செல்லும் குழாய் ஆகியவையே அதன் முக்கியப் பகுதிகள். நன்கு பேணப்பட்ட அடுப்பு பல ஆண்டுகள் உழைக்கும். இருப்பினும், வீடு மாறும்போதும் சமையலறையைப் புதுப்பிக்கும்போதும் நல்ல அடுப்புகள்கூட பழைய நாளிதழ் வாங்க வரும் லாரியில் ஏற்றப்படுகின்றன. அவற்றை இன்னொரு குடும்பம் பயன்படுத்தினால் பணமும் மிஞ்சும், குப்பையும் குறையும்.

எனினும், எரிவாயுவுக்கு மாறுவது உண்மையிலேயே தேவைதானா என்பதை முதலில் சிந்திக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் வீடுகளுக்கான சமையல் எரிவாயு உதவித்தொகையுடன் கிலோவுக்கு 1 ரிங்கிட் 90 சென் என்ற விலையில் விற்கப்படுகிறது. ஆகவே, 14 கிலோ தோங்கின் விலை 26 ரிங்கிட் 60 சென். இது மிகவும் மலிவு என்று தோன்றும். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ எரிவாயு ஏறத்தாழ 13 யூனிட் மின்சாரத்திற்கு ஈடான வெப்பத்தைத் தரும். அப்படியானால், ஒரு தோங்கில் சுமார் 180 யூனிட் வெப்பம் உள்ளது. ஆனால், எரிவாயுச் சுடரின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவானதே பானையைச் சேர்கிறது. மின்னடுப்பிலோ ஏறத்தாழ முக்கால் பங்கு சேர்கிறது. எனவே, ஒரு தோங் செய்யும் வேலையை மின்னடுப்பு சுமார் 100 யூனிட்டில் செய்துவிடும். நம் வீட்டு மின்கட்டணச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 100 யூனிட்டுக்கு எவ்வளவு செலுத்துகிறோம் என்று பார்த்தால் உண்மை விளங்கும். குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்கு எரிவாயுவால் மிச்சம் ஏதும் இல்லாமலும் போகலாம்.

அப்படியானால், எரிவாயு அடுப்பின் நன்மைதான் என்ன? அதன் சுடர் கண்ணுக்குத் தெரிகிறது. திருகைத் திருப்பிய நொடியில் கூடவோ குறையவோ செய்கிறது. மண்சட்டி, குவாலி, தோசைக்கல் என எந்தப் பாத்திரத்தையும் அதன்மீது வைக்கலாம். மின்தடை ஏற்பட்டாலும் தீக்குச்சியைக் கொண்டு பற்றவைத்துச் சமைக்கலாம். நம் சமையல் முறைக்கு இவை பெரிய வசதிகள். ஆகவே, பணத்தை மிச்சப்படுத்துவதற்காக அன்றி, சமையல் வசதிக்காக மாறுகிறோம் என்ற தெளிவு நமக்கு இருக்க வேண்டும்.

அடுத்ததாக, நம் வீட்டிற்கு எந்த எரிவாயு வருகிறது என்பதை அறிய வேண்டும். பெட்டாலிங் ஜெயாவின் பழைய தரைவீடுகளில் பெரும்பாலும் கேஸ் தோங்கே பயன்படுகிறது. அதில் உள்ளது புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. சில அடுக்குமாடிகளுக்குக் குழாய்வழி எரிவாயு வருகிறது. அது பெரும்பாலும் மீத்தேன் நிறைந்த இயற்கை எரிவாயு. ஆயினும், சில கட்டடங்களில் தோங்கில் உள்ள அதே கலவையே குழாய்வழி வருவதும் உண்டு. ஒரே அளவு இயற்கை எரிவாயுவைவிட அந்தக் கலவை இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைத் தரும். அதனால், இயற்கை எரிவாயு அடுப்பின் நாசில் துளை பெரிதாகவும் தோங் அடுப்பின் துளை சிறிதாகவும் அமைக்கப்பட்டிருக்கும். துளை மாறினால், சித்தி வீட்டில் நடந்ததுபோல் சுடர் கட்டுமீறி எரியும். அல்லது ஒளி மங்கிய சிறு சுடராகிச் சோறு வேகாது. எனவே, “இந்த அடுப்பு எந்த கேஸில் எரிந்தது?” என்பதே விற்பவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அடுக்குமாடியில் குடியிருப்போர், தோங் வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று நிர்வாகத்திடமும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவதாக, எரியவைத்துப் பார்க்காமல் அடுப்புக்குப் பணம் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு பர்னரும் சீரான நீலச் சுடருடன் எரிய வேண்டும். மஞ்சள் சுடர், எரிவாயு முழுமையாக எரியவில்லை என்பதைக் காட்டும் அறிகுறி. அவ்வாறு எரியும்போது, கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு உண்டாகக்கூடும். திருகுகள் இறுகியோ தளர்ந்தோ இருக்கக் கூடாது. அடிப்பகுதியில் துரு ஏறியுள்ளதா என்று குனிந்து பார்க்க வேண்டும். சில அடுப்புகளில், சுடர் அணைந்தால் எரிவாயுவைத் தானாக நிறுத்தும் அமைப்பு இருக்கும். அது இருந்தால் மிகவும் நன்று. அது வேலை செய்கிறதா என்பதையும் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். சுருஹான்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் முத்திரை அடுப்பில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எரியவைத்துக் காட்ட விற்பவர் மறுத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுவதே அறிவுடைமை.

அடுப்பு பழையதாக இருக்கலாம். ஆனால், ரப்பர் குழாயும் ரெகுலேட்டரும் பழையவையாக இருக்கக் கூடாது. வெப்பமும் எண்ணெய்ப் பிசுக்கும் பட்ட ரப்பர் நாளடைவில் இறுகி வெடிக்கும். அந்த வெடிப்பு வெளியே தெரியாமலும் இருக்கலாம். அடுப்பை விற்பவர் “இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று அன்போடு கொடுக்கும் பழைய குழாயை நன்றி கூறி மறுத்துவிட வேண்டும். புதிய குழாயைப் பொருத்திய பின், இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி எழுந்தால் அங்குக் கசிவு உள்ளது என்று பொருள். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவைத் தேடுவது பேராபத்து. தோங்கில் உள்ள எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கிவிடும். ஆகவே, காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் தோங்கை வைக்கக் கூடாது. மின்னடுப்பைக் கழற்றும் வேலையையும் தகுதிபெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

என் கருத்துக்கு மறுப்புகளும் உண்டு. 2025 ஏப்ரல் 1ஆம் நாள், நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாளன்று, புத்ரா ஹைட்சில் எரிவாயுக் குழாய் தீப்பற்றியதை நாம் மறந்திருக்க மாட்டோம். பலர் காயமுற்றனர், பல வீடுகள் அழிந்தன. அதைக் கண்டவர்கள் எரிவாயுவைக் கண்டு அஞ்சுவது இயல்பே. ஆனால், அங்கே தீப்பற்றியது நாட்டின் எரிவாயுவைக் கொண்டு செல்லும் பெரிய முதன்மைக் குழாய். நம் சமையலறை அடுப்போ நம் கைக்குள் இருப்பது. அதன் பாதுகாப்பு பெரும்பாலும் நம் கவனத்தைப் பொறுத்தது.

உலக நாடுகள் மின்னடுப்பை நோக்கிச் செல்லும்போது நாம் எரிவாயுவுக்குத் திரும்பலாமா என்றும் சிலர் கேட்கின்றனர். இது நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல், திட்டமிடல் அனுமதி தேவைப்படும் புதிய வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு இல்லை. எரிவாயு அடுப்பு வீட்டுக்குள் நைட்ரஜன் டையாக்சைடு போன்ற வாயுக்களை வெளியிடுகிறது என்பதும் உண்மை. ஆகையால், சமைக்கும்போது சன்னலைத் திறந்து வைப்பது கட்டாயம். குழந்தைகளோ ஆஸ்துமா நோயாளிகளோ உள்ள, காற்றோட்டமற்ற வீட்டில் மின்னடுப்பையே நான் பரிந்துரைப்பேன். அதே வேளையில், தீபகற்ப மலேசியாவின் மின்சாரமும் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்துமே கிடைக்கிறது. எனவே, மின்னடுப்புக்கு மாறிவிட்டால் மாசு முற்றாக நீங்கிவிடும் என்று இன்று கூற இயலாது.

விற்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. அடுப்பைத் துடைத்து மெருகேற்றினால் மட்டும் போதாது. அது எந்த எரிவாயுவில் எரிந்தது, எத்தனை ஆண்டுகள் பயன்பட்டது, எந்தப் பாகம் பழுதானது என்பவற்றை மறைக்காமல் கூற வேண்டும். சில ரிங்கிட்டுக்காக மறைக்கப்படும் ஓர் உண்மை, இன்னொரு குடும்பத்தின் உயிருக்கே கேடாக முடியலாம்.

சித்தியின் அடுப்புக்கு என்ன ஆயிற்று? பணியாளர் நான்கு பர்னர்களுக்கும் கேக் சுடும் அறைக்கும் ஏற்ற நாசில்களை மாற்றினார். புதிய குழாயையும் ரெகுலேட்டரையும் பொருத்தினார். அதற்கு மேலும் 150 ரிங்கிட் செலவானது. 180 ரிங்கிட் என்று நினைத்து வாங்கிய அடுப்பின் உண்மையான விலை 330 ரிங்கிட். அப்படியும் அது புதிய அடுப்பைவிட மலிவுதான். இப்போது நீலச் சுடர் சீராக எரிகிறது. பாட்டியின் மண்சட்டி மீண்டும் அடுப்பேறியுள்ளது. முதல் நாளே சித்தி ஒரு கேள்வி கேட்டிருந்தால், அந்த அச்சமும் அலைச்சலும் இருந்திருக்காது. பழைய பொருளை வாங்குவதில் இழுக்கு ஏதும் இல்லை. கேட்காமலும் சோதிக்காமலும் வாங்குவதில்தான் ஆபத்து உள்ளது.