கணினிக்கும் காய்ச்சல் வரும்

வைரஸ் என்பது கணினி வல்லுநர்கள் வைத்திய உலகிடம் இரவல் வாங்கிய சொல். இரவல் பொருத்தமானதே. உடலில் புகும் வைரஸ் தனித்துப் பெருக மாட்டாது. உயிரணுவினுள் நுழைந்து, அதன் இயக்கத்தைத் தன் வேலைக்குத் திருப்பிக்கொண்டே பெருகும். கணினி வைரஸும் அவ்வாறே ஒரு கோப்பில் ஒட்டிக்கொண்டு, அந்தக் கணினியின் சக்தியாலேயே தன்னைப் பிரதி செய்து அடுத்ததற்குத் தாவும். தானாகப் பரவாமல், நல்ல பொருள் போல வேடமிட்டு வருவது ட்ரோஜன். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்பது ரான்சம்வேர். பொதுப்பேச்சில் யாவும் வைரஸ்தான்.

லண்டன் மாநகர் இவற்றை நெடுங்காலமாக அறியும். 1989 டிசம்பரில் எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் எனக் கூறி, ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகள் லண்டனிலிருந்து பல நாடுகளுக்குத் தபாலில் அனுப்பப்பட்டன. வட்டைப் போட்டவர்களின் கணினி சில காலம் ஒழுங்காகவே இயங்கியது. ஏறத்தாழ 90 தடவை இயக்கிய பின் கோப்புகளின் பெயர்கள் உருமாறின. பனாமா நாட்டுத் தபாற்பெட்டிக்கு 189 டொலர் அனுப்பும்படி திரையில் கட்டளை தோன்றியது. தொற்றுக்கும் அறிகுறிக்கும் இடையே நோய் மறைந்திருக்கும் காலம் உண்டென்பதை வைத்தியர்கள் அறிவர். கணினிக்கும் அது உண்டு.

2017 மே 12, வெள்ளிக்கிழமை, வன்னாகிரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்தின் 236 என்.எச்.எஸ். டிரஸ்ட்டுகளில் குறைந்தது 80 பாதிப்புற்றன, 595 ஜி.பி. நிலையங்களிலும் தொற்று ஏற்பட்டது. ரோயல் லண்டன், நியூஹாம், விப்ஸ் குரொஸ் வைத்தியசாலைகளை நடத்தும் பார்ட்ஸ் ஹெல்த் டிரஸ்ட்டும் தப்பவில்லை. அம்புலன்ஸுகள் வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டன. நாடு முழுவதும் 19,000க்கு மேற்பட்ட சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. டெவன் மாவட்டத்து இளைஞரான மார்கஸ் ஹட்சின்ஸ், அந்த நிரலுள் இருந்த ஓர் இணைய முகவரியைத் தம் பெயரில் பதிவு செய்ததும் பரவல் தணிந்தது.

இதில் வருந்தத்தக்க உண்மை ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. தடுப்பூசி இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது, போட்டுக்கொள்ளாதவர்களே படுத்தார்கள்.

2024 ஜூன் 3ஆம் திகதி சினோவிஸ் என்ற இரத்தப் பரிசோதனை நிறுவனம் இத்தகைய தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கிங்ஸ் கொலிஜ், கைஸ், சென்ட் தோமஸ் வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைகள் பின்போடப்பட்டன. இரத்தவகையை வழமைபோல் விரைந்து ஒப்பிட முடியாததால், ‘ஓ’ வகை இரத்தம் தருமாறு பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. நோயாளி ஒருவரின் மரணத்துக்குப் பரிசோதனை முடிவு தாமதித்ததும் ஒரு காரணமென 2025இல் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலை அறிவித்தது. கணினி நோய் வெறும் இயந்திரக் கோளாறு அன்று.

இனி, வீட்டுக் கணினிக்கு வருவோம்.

அறிகுறிகள்: தொடாமலே புதிய சாளரங்கள் திறப்பது, இணையத்தின் முதற்பக்கம் தானாக மாறுவது, வைரஸ் தடுப்பு நிரல் அணைந்து மீண்டும் இயங்க மறுப்பது, அனுப்பாத மின்னஞ்சல் நண்பர்களுக்குப் போய்ச் சேருவது, கோப்புகளின் பெயர் மாறித் திறக்க முடியாமற் போவது. வேகம் குறைவதை மாத்திரம் கண்டு பயப்பட வேண்டாம். காய்ச்சல் எல்லாம் மலேரியா அல்ல; கணினி பழசாயிருக்கலாம், இடம் நிரம்பியிருக்கலாம்.

முதியவர்களை அதிகம் ஏமாற்றுவது வேறொன்று. திரை முழுதும் சிவப்பாகி, "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த இலக்கத்தை அழையுங்கள்" என்று சத்தமிடும். அது பெரும்பாலும் வைரஸ் அல்ல, வலை. மைக்ரோசொஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. அழைத்தால் மறுமுனையில் இருப்பவர் மிகுந்த மரியாதையுடன் பேசி, கணினியைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்து, வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். அழைக்காமல் கணினியை அணைத்துவிடுவதே போதும்.

முதலுதவி: முதலில் தனிமைப்படுத்துங்கள். இணைய வடத்தைப் பிடுங்கி, வைஃபையை நிறுத்தி, வெளியே செருகியுள்ள பென்டிரைவ் முதலியவற்றைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். கடவுச்சொற்களை வேறொரு நல்ல கருவியிலிருந்து மாற்றுங்கள். பணத்துக்கு ஆபத்தென்றால் 159 என்ற இலக்கத்தை அழைத்தால் பெரும்பாலான வங்கிகளுடன் தொடர்பு கிடைக்கும். பின்னர் முழுச் சோதனை நடத்துங்கள். தீராவிட்டால் அனைத்தையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே நிச்சயமான மருந்து. மீட்புப் பணம் கொடுக்காதீர்கள். கோப்புகள் திரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

தடுப்பு: கணினி கேட்கும் திருத்தங்களை "நாளை பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றன; அதை இன்னும் வைத்திருப்போர் பிள்ளைகளிடம் சொல்லி ஆவன செய்வது நல்லது. புதுப்படமும் தொலைக்காட்சித் தொடரும் இலவசமாகக் காட்டும் தளங்கள், விலை கொடாமல் எடுத்த நிரல்கள் ஆகியவை நம்மவர் வீடுகளுக்குள் நோய் நுழையும் பிரதான வாசல்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காப்புப் பிரதி. தனியான ஒரு வட்டில் கோப்புகளைப் பிரதி செய்து, செய்ததும் கழற்றி அலுமாரியில் வைத்துவிட வேண்டும். கழற்றாத பிரதியையும் ரான்சம்வேர் பூட்டிவிடும். ஊரில் வீடும் அல்பமும் போய்விட்ட குடும்பங்களில், பெற்றோரின் முகம் எஞ்சியிருப்பது ஸ்கான் செய்த ஒரேயொரு படத்தில்தான். அதற்கு விலை பேச எவராலும் முடியாது. இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் வேலை முடிந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தவறான இடத்தில் அழுத்திவிட்ட பெரியவர்கள், பிள்ளைகள் ஏசுவார்களே என்று இரண்டு மூன்று நாள் மறைப்பதுண்டு. நோயை மறைத்தால் நோய்தான் வளரும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் வங்கி பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. மூன்றாம் நாள் சொன்னால் அநேகமாக ஆறுதல்தான் கிடைக்கும். பிள்ளைகளும் இதை மனதிற் கொள்ள வேண்டும். அம்மாவோ அப்பாவோ வந்து சொல்லும்போது ஏசாதீர்கள். அடுத்த முறையும் அவர்கள் உடனே வந்து சொல்வார்கள்.