வாசகர் கேள்வி: 9 வயது தங்கமீன் சாய்ந்து நீந்துகிறது... பிழைக்குமா?

‘‘திருவிழாக் கடையில் வாங்கி வந்த தங்கமீன் 9 வருஷமாக எங்கள் தோட்டத்துத் தொட்டியில் இருக்கிறது. மாமனாருக்கு அது என்றால் உயிர். தொட்டி ஓரம் உட்கார்ந்துதான் காபியே குடிப்பார். பத்து நாளாக மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து நீந்துகிறது. தீனி எடுப்பதில்லை. வயிற்றோரம் சிவப்பாகப் புண். ‘பவானி ஆத்துல விட்டுருங்க, பொழச்சுக்கும்’ என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். விடலாமா?’’

- வாசகி, சத்தியமங்கலம்.

ஆற்றில் விடவே கூடாது. தொட்டியில் வளர்ந்த, அதுவும் நோயாளி மீன் ஆற்றில் தாக்குப்பிடிக்காது. அதன் உடம்பிலுள்ள கிருமியும் பேனும் ஆற்று மீன்களுக்குப் போய்ச் சேரும்.

9 வயது என்பது தங்கமீனுக்கு முதுமைதான். ஆனால், முடிவு என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ‘டிஷ்’ என்ற தங்கமீன் 43 வயது வரை வாழ்ந்து 1999-ல் இறந்தது. அதுவும் 1956-ல் திருவிழாக் கடையில் பரிசாகக் கிடைத்த மீன்தான்.

மருந்தைத் தேடும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும். சத்தி வட்டாரத்தில் மல்லிகை, சம்பங்கிக்கு அடிக்கடி மருந்து அடிப்பார்கள். தெளிப்பானை அந்தத் தொட்டித் தண்ணீரில் கழுவினார்களா, காற்றில் மருந்துச் சாரல் விழுந்ததா என்று வீட்டில் விசாரியுங்கள். பைரித்ராய்டு வகை பூச்சிக்கொல்லிகள் மீனுக்கு மிகச் சிறிய அளவிலேயே எமன். போர் தண்ணீரை நேரடியாக விடுவதும் தவறு. அதில் பிராணவாயு குறைவு. ஒருநாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

மீனை நிழலில், 100 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றுங்கள். மீன் குதிக்காமலிருக்க மேலே வலை போடுங்கள். காற்று மோட்டார் இருந்தால் நல்லது. கல் உப்பு 300 கிராம் தேவை. ஒரே நாளில் கொட்டாமல், தினம் 100 கிராமாகக் கரைத்து, மூன்று நாளில் சேர்க்க வேண்டும். நன்னீர் மீனுக்குப் புண் வந்தால் அதன் வழியாகத் தண்ணீர் உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்ற மீன் ஓயாமல் பாடுபடும். உப்பு அந்தச் சுமையைக் குறைக்கிறது. அதன் பிறகு தினமும் 25 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீருக்கு மட்டும் 75 கிராம் உப்பு. ஆவியாகிப் போன தண்ணீரை ஈடுகட்ட ஊற்றும்போது உப்பு வேண்டாம், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. இரண்டு வாரம் இப்படி வைத்திருக்கலாம்.

குளத்து மீனுக்குப் புண் வந்தால் சுண்ணாம்பு போடுவதைப் பார்த்து, சிறு தொட்டியிலும் போடுகிறவர்கள் உண்டு. காரத்தன்மை சட்டென்று ஏறி, மீன் கழிவின் அம்மோனியா இன்னும் விஷமாகும். மாட்டுக்கு வாங்கிய மாத்திரையைக் கரைப்பதும் வேண்டாம்.

சாய்ந்து நீந்துவது பெரும்பாலும் காற்றுப்பையின் கோளாறு. மூன்று நாள் பட்டினி போடுங்கள், மீன் தாங்கும். பிறகு, வேகவைத்துத் தோல் உரித்த பச்சைப்பட்டாணியை நசுக்கி ஒரு துணுக்கு கொடுத்துப் பாருங்கள்.

புண் பெரிதானால், பவானிசாகரிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் காட்டி ஆலோசனை கேட்கலாம். வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நின்றால் பிழைப்பது அரிது. அந்த நிலையில் தரையில் போட்டுத் துடிக்க விட வேண்டாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 10 சொட்டு வீதம் கிராம்புத் தைலத்தை, சிறிது வெந்நீருடன் பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் தண்ணீரில் கலந்தால் அது மயங்கி அடங்கிவிடும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் அப்படியே விடுங்கள். இந்த முடிவை மாமனாரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் வேண்டாம்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடாதீர்கள். நோயுற்ற மீனிடமிருந்து சில கிருமிகள் காயத்தின் வழியே மனிதருக்கும் வரும்.