பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பாவம் தீர்ந்துவிடுமா?



அண்மையில் மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை எம்மிடம் வந்தார். மகன் அரசு வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறான். இடையில் உள்ள ஒருவர் சில இலட்சங்கள் கேட்கிறார். மனைவியின் நகையை விற்றுக் கொடுக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றோம். "எல்லாரும் கொடுக்கிறார்களே உஸ்தாத்! வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்களாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் எம்மை எழுத வைத்தது.

அதே வாதம் உச்சநீதிமன்றம் வரை சென்று தோற்ற வாதம்தான். செந்தில் பாலாஜி 2011 முதல் 2015 வரை போக்குவரத்துத் துறை அமைச்சராக இருந்த காலத்தில், ஓட்டுநர், நடத்துநர், பொறியாளர் முதலான பணிகளுக்குப் பணம் வாங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. 2021 மே மாதம் அவர் மீண்டும் அமைச்சரானார். அதே ஆண்டு ஜூலையில், புகார் கொடுத்தவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் சமரசம் ஆகிவிட்டனர் என்பதால் ஒரு வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வேலை கிடைக்காத ஒரு விண்ணப்பதாரர் உச்சநீதிமன்றம் சென்றார். 2022 செப்டம்பர் 8 அன்று அந்த ரத்தை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது.

அத்தீர்ப்பின் சாரத்தைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவர்கள் இருவகை: வேலை பெற்றவர்கள், பெறாதவர்கள். பெறாதவர்கள் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு சமாதானமாகலாம். அப்படியானால் பணம் கொடுத்து உள்ளே சென்றவர்களின் நியமனம் என்னாவது? பணமில்லாததால் வெளியே நின்ற தகுதியுள்ளவனுக்கு யார் ஈடு செய்வது? அவன் அந்தச் சமரசத்தில் ஒரு தரப்பாகவே இல்லை. அடியானின் உரிமையை உரியவனே மன்னிக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு நாம் ஓதிக்கொடுக்கும் பாடமும் இதுவே.

நீதி தவறாமல் இன்னொன்றையும் சொல்வோம். குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு அன்று. அவர் அதை மறுக்கிறார். வாதியே ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். ஆகவே அவரைக் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. நம் கேள்வி, அவரைச் சுமந்தவர்களை நோக்கியது. அ.தி.மு.க. ஆட்சியில் அவர்மீது குற்றம் சாட்டிய தி.மு.க., 2018 டிசம்பரில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவரை அமைச்சராக வைத்திருந்த அ.தி.மு.க., அவர் அணி மாறிய பின் ஊழலைப் பற்றிப் பேசியது. 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறை கைது செய்த பிறகும் பல மாதங்கள் இலாகா இல்லாத அமைச்சராகவே நீடித்தார். 471 நாள் சிறைக்குப் பின் 2024 செப்டம்பர் 26 அன்று பிணை கிடைத்தது; மூன்றாம் நாள் மீண்டும் அமைச்சர். பதவியா, பிணையா என்று உச்சநீதிமன்றம் கேட்ட பிறகே 2025 ஏப்ரலில் பதவி விலகினார். இதில் எந்தக் கட்சிக்குக் குற்றம் பெரிதாகத் தெரிந்தது? குற்றம் சாட்டப்பட்டவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மக்ஸூமி குலத்து உயர்குடிப் பெண் ஒருத்தி திருடியபோது சிபாரிசு வந்தது. நபி (ஸல்) அவர்கள் சினந்து, மேலோரை விட்டுவிட்டு எளியோரை மட்டும் தண்டித்ததே முன்னோர்களின் அழிவுக்குக் காரணம் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை கட்சிகளுக்கு மட்டுமா? குற்றச்சாட்டுக்கு ஆளானவர் தேர்தல் காலத்தில் நம் ஊருக்கு வந்தால், இஃப்தார் மேடையில் முதல் நாற்காலியைப் போட்டுப் பொன்னாடை போர்த்துபவர்கள் யார்? நம் ஜமாஅத்துகள்தாம். தக்கலையானாலும் குளச்சலானாலும் இதில் வேறுபாடு இல்லை. கபரஸ்தான் சுவருக்கு நிதி தந்தார் என்று ஒரு காரணமும் சொல்வோம். ஜகாத் வசூலிக்கச் சென்றவர் ஒருவர், தமக்கு அன்பளிப்பாக வந்தது என்று ஒரு பங்கைத் தனியே வைத்தார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பதவிக்கு வரும் பணம் அன்பளிப்பு ஆகாது.

சிலர் ஃபிக்ஹ் நூலைக் காட்டி, நிர்ப்பந்தத்தில் கொடுக்கலாமே என்பர். தனக்கு உறுதியாகிவிட்ட உரிமையை மீட்க வேறு வழியே இல்லாதவனுக்கு அறிஞர்கள் சொன்ன விதிவிலக்கு அது. இன்னும் எவருக்கும் உரிமையாகாத வேலையைப் பிறரை முந்திப் பெறக் கொடுப்பதற்கு அது பொருந்தாது. இவ்வழக்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றஞ்சாட்டப்பட்டோர் பட்டியலில் நிற்கின்றனர். விசாரணைக்குக் கிரிக்கெட் மைதானமே வேண்டும் என்று 2025-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. பணம் கொடுத்த ஏழைகளையும் பட்டியலில் சேர்த்து விசாரணையை இழுத்தடிக்கும் முயற்சியோ என்றும் ஐயுற்றது. அந்த ஏழைகளுக்காக நாமும் இரங்குகிறோம். ஆயினும் நீதிமன்றம் இரங்கி விடுவிப்பது வேறு, மறுமையில் பதில் சொல்வது வேறு. வாங்கியவனோடு கொடுத்தவனும் சபிக்கப்பட்டவன் என்பதே நபிமொழி காட்டும் நிலை.

அந்தத் தந்தையிடம் இறுதியாக ஒன்றே கேட்டோம்: "உங்கள் மகன் முதல் சம்பளத்தில் வாங்கி வரும் அரிசியை எந்த மனத்தோடு உண்பீர்கள்?" அவர் பதில் சொல்லவில்லை. நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது என்று பிறகு அறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

ஹலாலான சிறு வருவாயில் பரக்கத்தையும், உரியவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் தெளிவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.